தேயிலை மலையும் கோணல் சுடோகுவும்

பசறைப் பக்கத்துத் தேயிலை மலை ஒன்றை எதிரே நின்று பாருங்கள். மேட்டில் மண் மெலிந்து கல் தெரியும். மழை அரித்த மண் பள்ளத்தில் தங்கி, அங்கே கொழுந்து செழிக்கும். கச்சான் வீசும் மாதங்களில் காற்றுப் படும் பக்கத்துச் செடிகள் முதலில் வாடும். இந்த மலையில் ஐந்து வகை உரத்தில் எது நல்லது என்று எப்படிச் சோதிப்பது? பள்ளத்தில் போட்ட உரம் கூடுதல் கொழுந்து தந்தால், அது உரத்தாலா, மண்ணாலா?

இதற்கு விடை இலத்தீன் சதுரம். நிலத்தை 25 துண்டுகளாக்கி, ஒவ்வொரு வரிசையிலும் நிரலிலும் ஒவ்வோர் உரமும் ஒரே தடவை வரும்படி இட வேண்டும். மேடும் பள்ளமும் எல்லா உரத்துக்கும் சமமாகப் பங்காகிவிடும். 1782இல் ஆய்லர் கணிதமாக ஆராய்ந்ததை, இங்கிலாந்தின் ரொத்தம்ஸ்டெட் பண்ணையில் ரொனால்ட் பிஷர் வயல் பரிசோதனைக்குரிய முறையாக நிலைநிறுத்தினார். அங்கே அவரோடு வேலை செய்த ஈடன், பிறகு இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தார். தேயிலை விளைச்சல் பரிசோதனைகளில் நேரும் பிழைகளை அளந்து அவர் எழுதிய கட்டுரை 1931இல் வெளியானது. நம் மலைநாட்டுப் பிள்ளைகள் பள்ளியில் படிக்க வேண்டிய கதை இது.

நல்ல மண் திட்டுத்திட்டாகக் கிடந்தால் வரிசையும் நிரலும் போதாது. 1956இல் ஜெர்மனியரான பெஹ்ரன்ஸ் இன்னொரு விதி சேர்த்தார்: சதுரத்தைப் பகுதிகளாகவும் பிரி, ஒவ்வொரு பகுதியிலும் எல்லாம் ஒரு தடவை வரட்டும். பகுதிகள் 3×3 பெட்டிகளானால், 1979இல் அமெரிக்காவில் புதிராக அச்சேறிய சுடோகு. பகுதிகள் கோணல்மாணலானால், ஜிக்சோ சுடோகு. மலைச் சரிவின் நியாயத்துக்கு இதுதான் நெருக்கம் என்பேன்.

ஆடிப் பார்க்க 5×5 போதும். முதல் வரிசையின் இடப்பக்க 4 கட்டங்களும், அவற்றின் கீழே தொங்கும் 1 கட்டமும் ஒரு பகுதி என்று வையுங்கள். வரிசையின் ஐந்தாவது கட்டம் பக்கத்துப் பகுதிக்குச் சொந்தம். வரிசைக்கும் 1 முதல் 5 வரை வேண்டும், பகுதிக்கும் அதே எண்கள் வேண்டும். 4 கட்டங்கள் இரண்டுக்கும் பொது. ஆகவே மிஞ்சிய இரு கட்டங்களிலும் ஒரே எண்தான் இருக்க முடியும். தொங்கும் கட்டத்தில் 3 தந்திருந்தால், மூலைக் கட்டத்தில் தயங்காமல் 3 எழுதலாம். சாதாரணச் சுடோகுவில் கிடைக்காத சுகம் இது: வேறு எந்த எண்ணும் தெரியாமலே, எல்லைக்கோட்டின் வடிவத்தை வைத்தே விடை வருகிறது.

9×9 சதுரத்திலும் இதே நியாயம்தான்: மேலிருந்து இரண்டு அல்லது மூன்று வரிசைகளையும், அவற்றைப் பெரும்பாலும் நிரப்பும் அதே எண்ணிக்கைப் பகுதிகளையும் சேர்த்துப் பிடியுங்கள். அந்தப் பகுதிகளிலிருந்து வரிசைகளுக்கு வெளியே நீளும் கட்டங்களும், வேறு பகுதிகளிலிருந்து வரிசைகளுக்கு உள்ளே நுழையும் கட்டங்களும் ஒரே எண்களைத்தான் கொண்டிருக்கும். நிரல்களுக்கும் அப்படியே.