வண்டி யார் பேரில் இருக்கிறது?

"வண்டி யார் பேர்ல இருக்கு?" அவனியாபுரத்திலிருந்து ராத்திரி பத்து மணிக்கு மேல் வண்டியை எடுக்கிற எவருக்கும் பழகிப்போன கேள்வி இது. என் வண்டி என் பேரில் இல்லை. மூன்றாவது கை. ஆர்.சி. புக் இன்னமும் முதல் ஆள் பேரில்தான். அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த 29, 30 ஃபாரங்கள் தேதி போடாமல் பீரோவில் கிடக்கின்றன. வாங்கிக்கொடுத்த மெக்கானிக் அன்றைக்கே சொல்லிவிட்டார்: "பேர் மாத்த அலைஞ்சீங்கன்னா வண்டி வெலையில பாதி போயிரும்ண்ணே. ஓட்டுங்க, பாத்துக்கலாம்." 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவு, ஒரே மாநிலத்துக்குள் வண்டி விற்றவர் 14 நாளிலும் வாங்கியவர் 30 நாளிலும் தெரிவிக்கச் சொல்கிறது. அந்தக் கணக்கில் எங்கள் தெருவே சட்டத்துக்கு வெளியே ஓடிக்கொண்டிருக்கிறது.

இதை வறுமையின் பொருளாதாரம் என்று சொல்லலாம். 2022 அக்டோபர் 23க்குப் பிறகு அப்படி மட்டும் சொல்ல முடியவில்லை. தீபாவளிக்கு முந்தின நாள் விடியலில், கோவை உக்கடம் கோட்டை ஈஸ்வரன் கோயில் முன்பு சிலிண்டரோடு வந்த மாருதி கார் வெடித்தது, ஓட்டிவந்தவர் இறந்தார். அது பல கை மாறிய பழைய கார். போலீஸ் அந்தக் கைகளை ஒவ்வொன்றாகப் பின்னோக்கித் தேடிப்போனது. வழக்கு சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தின் (ஊபா) கீழ் வந்து, சில நாட்களில் தேசியப் புலனாய்வு முகமைக்குப் போனது. அதே டிசம்பரில் மத்திய அரசு பழைய வண்டி வியாபாரிகள் அங்கீகாரம் பெற வேண்டுமென்று விதி அறிவித்தது. 2023 ஏப்ரல் 1 முதல் அமல். ஒன்றின் விளைவு மற்றது என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டும் ஒரே ஆசையிலிருந்து பிறந்தவை: ஓடுகிற ஒவ்வொரு பொருளோடும் ஒரு பெயரைக் கட்டிவிடுகிற ஆசை. உடலோடு கோப்பைக் கட்டுவது பற்றி ஃபூக்கோ எழுதினார். இங்கே கட்டப்படுவது சக்கரத்தோடு.

வண்டியை ஆயுதமாக்குவதைத் தடுக்க நம்மிடம் தனிச் சட்டம் இருக்கிறதா? இல்லை. அமெரிக்கக் காங்கிரஸ் 2018இல் வாகனப் பயங்கரவாதத் தடுப்பு என்ற பெயரிலேயே ஒரு சட்டம் போட்டது. உள்ளே பார்த்தால், உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை இதை ஆராய்ந்து உத்தி வகுக்கட்டும் என்பதற்கு மேல் அதிகமில்லை. 2016 ஜூலை 14இல் பிரான்சின் நீஸ் நகரில் வாடகை லாரி ஒன்று 86 பேரைக் கொன்றதற்குப் பின்னால் வந்த பதற்றம் அது.

நம் சட்டம் வண்டியின் பெயரையே சொல்வதில்லை. ஊபாவின் 15ஆம் பிரிவு வெடிகுண்டு, டைனமைட், துப்பாக்கி, விஷவாயு என்று அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் 'எத்தன்மையதாயினும் வேறு எந்த வழியினாலும்' என்ற பொருளில் ஒரு வாலைச் சேர்க்கிறது. லாரி, சைக்கிள், தள்ளுவண்டி எல்லாம் அந்த வாலுக்குள் அடக்கம். கருவியைப் பற்றிய கேள்வி அங்கேயே முடிந்துபோகிறது. பிறகு மிஞ்சுவது நோக்கம். அதிலும் அச்சம் விளைவிக்கும் நோக்கம் இருக்க வேண்டும் என்பதோடு நிற்காமல், விளைவிக்கக்கூடிய செயலாக இருந்தாலே போதும் என்கிறது பிரிவு. யார் தீர்மானிப்பது? முதலில் தீர்மானிப்பவர் வழக்குப் பதிகிறவர்தான். அவர் இந்தப் பிரிவைப் போட்டுவிட்டால் குற்றப்பத்திரிகைக்கு 180 நாள் வரை அவகாசம் கிடைக்கும். 43டி(5) ஜாமீனை ஏறக்குறைய மூடிவிடும்.

2021 அக்டோபர் 3இல் உத்தரப் பிரதேசத்து லக்கிம்பூர் கேரியில், போராடிவிட்டுத் திரும்பிய விவசாயிகள் மேல் வாகனங்கள் ஏறின. நான்கு விவசாயிகளும் ஒரு பத்திரிகையாளரும் அடக்கமாக அன்று செத்தவர்கள் எட்டுப் பேர். குற்றம் சாட்டப்பட்டவர் அப்போதைய மத்திய உள்துறை இணையமைச்சரின் மகன். திட்டமிட்ட சதி என்று சிறப்புப் புலனாய்வுக் குழுவே சொன்னது. கொலை வழக்கு உண்டு, ஊபா இல்லை. ஊபா போட்டிருக்க வேண்டும் என்பதல்ல என் வாதம். அந்த வால் யாருக்கு நீள்கிறது, யாருக்குச் சுருண்டுகொள்கிறது என்பதைப் பார்க்கச் சொல்கிறேன்.

1998 பிப்ரவரி 14 கோவையை மறந்துவிட்டு இதைப் பேசுவது அயோக்கியத்தனம். 58 பேர் செத்தார்கள். கார்களில், மோட்டார் சைக்கிள் பெட்டிகளில், பழத் தள்ளுவண்டிகளில் குண்டு வைத்திருந்தார்கள். அதற்கு மூன்று மாதத்துக்கு முன்னால், ஒரு போலீஸ்காரர் கொலையைத் தொடர்ந்து அதே ஊரில் முஸ்லிம்கள் கொல்லப்பட்டதையும் சேர்த்தேதான் சொல்லியாக வேண்டும். ஆனால் பொதுப்புத்தியில் தங்கிப்போனது தள்ளுவண்டிதான். பழம் விற்கிற பாய் ஒரு சந்தேகமாக மாறினார். அந்த வழக்கில் கைதான அப்துல் நாசர் மதானி 2007இல் விடுதலையானார். ஒன்பது வருடம் உள்ளே.

பேர் மாற்றாத வண்டிக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்று உண்டு. ராஜீவ் கொலை வழக்கில் பேரறிவாளன் மீது சொல்லப்பட்டவற்றில் இரண்டு ஒன்பது வோல்ட் பேட்டரி எல்லோருக்கும் தெரியும். தவறான முகவரி கொடுத்து மோட்டார் சைக்கிள் வாங்கினார் என்பதும் அதில் இருந்தது. தடா சட்டம் போலீஸ் அதிகாரி பதிந்த வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்றது. 1999இல் உச்ச நீதிமன்றம் இது தடா குற்றமே அல்ல என்றது; தடா வாக்குமூலம் மட்டும் செல்லும் என்றது. பேட்டரி எதற்கென்று தனக்குத் தெரியாது என அவர் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டதாக, வாக்குமூலத்தைப் பதிந்த அதிகாரியே 2013இல் ஒத்துக்கொண்டார். 2022 மே 18இல் விடுதலை. இடையில் 31 வருடம். நம்மில் எத்தனை பேர் கொடுத்த முகவரி இன்றைக்கும் சரியான முகவரி?

தடுப்பு என்றால் என்னவென்று தைப்பொங்கலன்று அவனியாபுரம் வந்தால் பார்க்கலாம். மாட்டுக்கும் கூட்டத்துக்கும் நடுவே கம்பு ஊன்றி இரட்டை வேலி கட்டியிருப்பார்கள். நீஸுக்குப் பிறகு ஐரோப்பிய நகரங்களும் தெருமுனைகளில் இதையேதான் இரும்பிலும் கான்கிரீட்டிலும் செய்தன. வேலி பேர் கேட்பதில்லை.

சாவடி கேட்கிறது. போன மாசம் காஜிமார் தெரு நண்பர் ஒருவரைப் பின்னால் உட்காரவைத்து வந்துகொண்டிருந்தேன். வண்டி யார் பேரில் என்று கேட்டார்கள். சொன்னேன். சரி என்றார்கள். பிறகு அவர் பேரைக் கேட்டார்கள். அவர் சொன்னதும், "இறங்குங்க, சீட்டத் தூக்குங்க" என்றார்கள். சீட்டுக்கு அடியில் ஒரு பழைய துணியும் ஸ்பேனரும் இருந்தன. இரண்டையும் எடுத்துப் பார்த்துவிட்டு, அவருடைய ஃபோன் நம்பரை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். வண்டியை ஓட்டிவந்தவன் நான்.