கணினி விசிறியின் இரைச்சல்: அடக்குவதற்கு முன் அறிந்துகொள்வோம்

திருவனந்தபுரம் மாவட்டத்தில், நெய்யாற்றின்கரை வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்துள்ளது குன்னத்துகால் ஊராட்சி. பாறசாலை முதல் காரக்கோணம் வரை பரந்துள்ள இந்த எல்லைச் சிற்றூர்களில் தமிழும் மலையாளமும் ஒருங்கே புழங்குகின்றன. அதைப் போலவே, இன்று பண ஏடும் கணினியும் ஒரே மேசையில் இடம்பெற்றிருக்கின்றன. கேரள அரசின் அக்ஷயா திட்டம் 2002ஆம் ஆண்டில் தொடங்கியபின் சிற்றூர்களுக்கும் கணினிச் சேவை எட்டியது. இதே மாவட்டத்தைச் சேர்ந்த புல்லம்பாறை, 2022ஆம் ஆண்டில் முழுமையான எண்மக் கல்வியறிவு பெற்ற ஊராட்சியாக அறிவிக்கப்பட்டது. வங்கிக் கணக்கைப் பார்ப்பதும், மின்கட்டணம் செலுத்துவதும், பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்தை அனுப்புவதும் இப்பகுதி வீடுகளின் அன்றாடப் பணிகளாகிவிட்டன.

இடச் சிக்கனம் கருதிப் பல இல்லங்களும் சிறு கடைகளும் ஆல்-இன்-ஒன் கணினியை விரும்பி வாங்குகின்றன. திரை, செயலி, நினைவகம், ஒலிபெருக்கி ஆகிய அனைத்தும் ஒரே சட்டத்துக்குள் அடங்கிய கணினி அது. ஓரிரு ஆண்டுகள் கழிந்தபின் அதன் உரிமையாளர்களிடமிருந்து பெரும்பாலும் எழும் முறையீடு ஒன்றுதான்: “விசிறி இரைகிறது.” இந்த இரைச்சலை வெறும் தொல்லையாகக் கருதுவோரும் உண்டு, கணினியே கெட்டுவிட்டது என்று அஞ்சுவோரும் உண்டு. உண்மையில் அது ஒரு செய்தி. அச்செய்தியைச் சரியாகப் படித்தால் செலவு குறையும். தவறாகப் படித்தால் கணினியோடு நம் சேமிப்பும் இடருக்கு உள்ளாகலாம்.

விசிறி ஏன் வேகம் கொள்கிறது?

மேசைக் கணினியின் பெட்டி விசாலமானது. அதில் பெரிய விசிறி மெல்லச் சுழன்றே போதிய காற்றைத் தள்ளிவிடும். ஆல்-இன்-ஒன் கணினியில் திரைக்குப் பின்னால் சில விரற்கடை இடமே இருக்கும். ஆகவே மடிக்கணினியில் உள்ளதைப் போன்ற தட்டையான சிறு விசிறியே பொருத்தப்படுகிறது. செயலியின் வெப்பத்தைச் செம்புக் குழாய் ஒன்று மெல்லிய உலோகத் தகடுகளின் அடுக்குக்குக் கொண்டுசெல்லும். அத்தகடுகளின் இடுக்குகள் வழியே விசிறி காற்றை வெளியே தள்ளும்.

இடுக்குகளில் தூசி அடைத்தால் காற்று குறையும், வெப்பம் ஏறும், உணரி அதைக் கண்டு விசிறியை விரைவுபடுத்தும். விசிறியின் வேகம் இருமடங்கானால் அதன் ஒலி ஏறத்தாழ 15 டெசிபல் உயரும். செவிக்கு அது மூன்று மடங்கு அளவில் தோன்றும். அதனால்தான் சிறிய அடைப்பும் பெரிய இரைச்சலாகக் கேட்கிறது. வெப்பம் மேலும் ஏறி, பல செயலிகளுக்கு வரம்பாக வகுக்கப்பட்டுள்ள 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால், செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இரைச்சலோடு மந்தமும் சேர்வதன் காரணம் இதுவே.

இது புதிய சிக்கல் அன்று. 1984ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட மேகின்டோஷ், திரையும் கணினியும் ஒன்றிணைந்த கருவி. அமைதியை விரும்பி அதில் விசிறியே வைக்கப்படவில்லை. 1987இல் வந்த மேகின்டோஷ் எஸ்.இ. கணினியில் விசிறி இடம்பெற்றது. அதன் இரைச்சல் குறித்து முறையீடு எழுந்தபின் வேறு வகை விசிறி பொருத்தப்பட்டது. வெப்பத்துக்கும் அமைதிக்கும் இடையிலான இந்த இழுபறி இன்றும் தொடர்கிறது.

எல்லையூர்களின் சூழல்

குன்னத்துகால் போன்ற ஊர்களில் ஆண்டுக்கு இருமுறை பருவமழை பொழிகிறது. ஈரக்காற்றில் தூசி எளிதில் ஒட்டிப் படியும். ரப்பர் ஷீட்டைப் புகையூட்டி உலர்த்தும் வீடுகளில் புகையின் பிசுக்கும் அதனோடு சேரும். வெதுவெதுப்பை நாடி எறும்பும் பல்லியும் காற்றுத் துளைகளின் வழியே உள்ளே நுழைவதும் உண்டு. இவற்றோடு, அழகுக்காகத் துணியுறை போர்த்துவதும், சுவரலமாரிக்குள் ஒடுக்கி வைப்பதும் காற்றோட்டத்தைத் தடுக்கின்றன. கணினிக்குப் பின்னும் மேலும் ஒரு சாணளவு இடம் விடுவதும், இயங்கும் நேரத்தில் உறையை நீக்கிவிடுவதும் செலவில்லாத முதல் மருந்து.

ஒலியின் வகையைப் பிரித்தறிதல்

சீரான காற்றொலி, வேலை மிகும்போது மட்டும் உயர்ந்து பின்னர் தணிந்தால் அது இயல்பே. எப்போதும் உயர்ந்தே இருந்தால் தூசியையோ, பின்னணியில் இயங்கும் மென்பொருளையோ ஐயுற வேண்டும். விண்டோஸ் கணினியில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று பொத்தான்களையும் ஒருங்கே அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். நாம் எந்த வேலையும் செய்யாத வேளையிலும் செயலியின் பயன்பாடு நெடுநேரம் மிக உயர்ந்து நின்றால், அது மென்பொருள் புதுப்பிப்பாக இருக்கலாம். கணினிக்குள் மறைந்து இயங்கும் தீய நிரலாகவும் இருக்கலாம். வைரஸ் தடுப்பு மென்பொருளைக் கொண்டு முழுச் சோதனை செய்யும் வரை அக்கணினியில் வங்கிப் பணிகளைத் தவிர்ப்பது நன்று.

படபடவென்றோ டிக்டிக் என்றோ சீரான இடைவெளியில் கேட்டால், இறக்கையில் கம்பியோ, பூச்சியோ, தூசிக்கட்டியோ உரசக்கூடும். கீச்சென்ற ஒலியோ அரைபடும் ஒலியோ, குறிப்பாகக் கணினியை இயக்கிய தொடக்கத்தில் கேட்டால், விசிறியின் பேரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு மிகுதி. இயக்கியதும் உச்ச வேகத்தில் சுழன்று தணியாமலே இருந்தால் வெப்ப உணரியைப் பார்க்க வேண்டும். சில பழைய ஐமேக் கணினிகளில் ஹார்ட் டிஸ்க்கை மாற்றும்போது வெப்ப உணரியின் இணைப்பு விடுபட்டால், விசிறி முழு வேகத்தில் சுழலும். அங்கே குறை விசிறியில் இல்லை.

மற்றொன்றை மறத்தலாகாது. எல்லா ஒலியும் விசிறியின் ஒலி அன்று. காற்றுத் துளையருகே அல்லாமல் வேறிடத்திலிருந்து ‘டக் டக்’ என்று மீண்டும் மீண்டும் எழுந்து, கோப்புகள் திறக்கத் தாமதமானால் அது பழுதாகும் ஹார்ட் டிஸ்க்கின் ஒலியாக இருக்கலாம். அந்நிலையில் முதற்பணி தூய்மை செய்வது அன்று. முக்கியமான கோப்புகளை உடனே வேறோர் இடத்தில் படியெடுப்பதே.

நாம் செய்யத்தக்கவை

கணினியை முறைப்படி நிறுத்தி, மின்செருகியை உருவி, இயக்கு பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி எஞ்சிய மின்னாற்றலை வெளியேற்ற வேண்டும். சூடு ஆறியபின், உலர்ந்த மென்மையான வண்ணத்தூரிகையால் காற்றுத் துளைகளைத் துடைக்கலாம். கையடக்கப் புளோயரை விட்டுவிட்டு, சிறுசிறு வீச்சாகச் செலுத்தலாம். இறக்கை கண்ணுக்குத் தெரிந்தால் மெல்லிய குச்சியால் அதை அசையாமல் பிடித்துக்கொள்வது அவசியம். காற்றின் விசையில் மிகுவேகமாகச் சுழன்றால் பேரிங் கெடும். ஈரத்துணி கூடாது. வீட்டு வாக்குவம் கிளீனரும் கூடாது. அதன் முனையில் திரளும் நிலைமின்னேற்றம் மின்சுற்றுகளைச் சிதைக்கக்கூடும்.

தேங்காய் எண்ணெய் விடும் வழக்கத்தையும் கைவிட வேண்டும். சுமார் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அது உறையத் தொடங்கும். நாளடைவில் பிசுக்காகித் தூசியை ஈர்க்கும். தையல் இயந்திர எண்ணெய் சில நாள்களுக்கு ஒலியைத் தணிக்கலாம். தேய்ந்த பேரிங்கைப் புதிதாக்காது. தேய்ந்த விசிறிக்கு மாற்று விசிறியே தீர்வு.

விசிறியின் இணைப்பைக் கழற்றிவிடுவதும், வேகத்தை மென்பொருளால் கட்டுப்படுத்தி ஒடுக்குவதும் ஆபத்தானவை. ஒலி அடங்கும், வெப்பம் அடங்காது.

பின்மூடியைத் திறக்கும் பணியைப் பயிற்சி பெற்றவரிடம் விடுவதே நலம். பல மாதிரிகளில் உள்ளே செல்லத் திரையையே முதலில் அகற்ற வேண்டும். 2012க்குப் பிந்தைய ஐமேக்குகளில் திரை பசைப்பட்டையால் ஒட்டப்பட்டுள்ளது. திரையில் கீறல் விழுந்தால் அதன் விலை விசிறியின் விலையைப் பன்மடங்கு மிஞ்சும். உத்தரவாதக் காலம் முடியவில்லையெனில் நிறுவனத்தின் சேவை மையத்தையே நாடலாம். உதிரிப் பாகம், பழுதுபார்ப்பு ஆகியவை பற்றிய விவரங்களை நுகர்வோருக்கு ஒரே இடத்தில் தருவதற்கென 2022 டிசம்பர் 24 அன்று நடுவண் அரசு ‘பழுதுபார்க்கும் உரிமை’ இணையதளத்தைத் தொடங்கியுள்ளது.

கணினி செல்லலாம், கணக்கு செல்லலாகாது

பழுதுபார்க்கக் கொடுக்கும்போது கருவி மட்டுமா செல்கிறது? உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள், ஆதார், பான் அட்டைப் படிகள், கணக்கு அறிக்கைகள் ஆகியனவும் உடன் செல்கின்றன. ஆகவே கொடுப்பதற்கு முன் கோப்புகளைப் படியெடுத்துக்கொண்டு, மின்னஞ்சலிலிருந்தும் வங்கித் தளத்திலிருந்தும் வெளியேறி, சேமித்த கடவுச்சொற்களை அழித்துவிட வேண்டும். விசிறியை மாற்ற நம் கடவுச்சொல் தேவையில்லை. சோதனைக்காகக் கேட்டால், தனியாக ஒரு விருந்தினர் கணக்கை உருவாக்கித் தரலாம். கணினி திரும்பியதும் வங்கிக் கடவுச்சொல்லை மாற்றிவிடுவது நல்ல வழக்கம்.

தொலைபேசி வழியே வரும் உதவியில் இன்னும் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். “உங்கள் கணினி இரைவதற்கு வைரஸே காரணம், நாங்கள் இங்கிருந்தே சரிசெய்கிறோம்” என்று கூறி, தொலைவிலிருந்து திரையை இயக்கும் செயலியை நிறுவச் சொல்வது மோசடியாளர் கையாளும் உத்திகளுள் ஒன்று. எனிடெஸ்க் என்னும் செயலியைப் பயன்படுத்தி நடைபெறும் இத்தகைய பணப்பறிப்பு குறித்து இந்திய ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. செயலி சட்டப்படி நேரியதே. அதன் குறியீட்டை முன்பின் அறியாதவரிடம் கூறுவதே கேடு. தூசியைத் தொலைபேசி வழியே எவராலும் துடைக்க இயலாது என்பதை நினைவில் கொண்டால் போதும்.

தவறிப் பணம் இழக்க நேர்ந்தால் காலமே கருவி. தேசிய சைபர் குற்ற உதவி எண் 1930ஐ உடனே அழைத்து, வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை இதற்கான அடிப்படையை வகுத்தது. குறை வங்கியிடமோ வாடிக்கையாளரிடமோ இல்லாமல் மூன்றாம் தரப்பால் நேர்ந்த இழப்பை, வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளர்மேல் பொறுப்பு விழாது. தாமே இரகசிய விவரங்களைப் பகிர்ந்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு அவரையே சாரும். எவ்வாறாயினும், ஒவ்வொரு மணி நேரத் தாமதமும் பணத்தை மேலும் தொலைவுக்குக் கொண்டுசெல்லும்.

ஆகவே வரிசை இதுதான்: முதலில் இடம்விட்டு வைத்தல், அடுத்து மென்பொருளைச் சோதித்தல், பின்னர் வெளித்தூசியைத் துடைத்தல், அதன்பின் ஒலியின் வகையைக் குறித்துக்கொண்டு பழுதுபார்ப்பவரை அணுகுதல். “இயக்கியதும் கீச்சிடுகிறது, ஐந்து நிமிடத்தில் நிற்கிறது” என்று கூறும் வாடிக்கையாளருக்கு விசிறி மட்டுமே மாற்றப்படும். “என்னவோ சத்தம்” என்று மட்டும் கூறுபவருக்குத் தேவையற்ற பாகங்களும் பட்டியலில் ஏறக்கூடும். மழைக்காலம் தொடங்குமுன் ஒருமுறையும் முடிந்தபின் ஒருமுறையும் தூரிகையைக் கையில் எடுத்தால், பெரும்பாலான கணினிகள் அந்த நிலைக்கே வருவதில்லை.