அயல்நாட்டில் பணம் பேணுதல்

உண்டியல் என்றவுடன் சிறுவர்கள் காசு சேர்க்கும் மண்கலமும், கோயிலில் காணிக்கை செலுத்தும் பெட்டியுமே இன்று நினைவுக்கு வருகின்றன. வணிகர் வழக்கில் அச்சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. ஓர் ஊரில் பணத்தைச் செலுத்தி, மற்றோர் ஊரில் பெற்றுக்கொள்வதற்காக எழுதப்பட்ட சீட்டும் உண்டியல் எனப்பட்டது. பர்மா, மலேயா முதலிய நாடுகளில் தொழில் நடத்திய நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் இத்தகைய சீட்டுகளைப் பயன்படுத்தினர். பணத்தைச் சுமந்து செல்வது இடர் மிக்கது என்பதே இதற்குக் காரணம். 1891ஆம் ஆண்டில் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய பயணிகள் காசோலையும் இவ்விடரைத் தவிர்க்க எழுந்ததே. இன்று அவற்றின் இடத்தை அட்டைகள் பெற்றுள்ளன.

கருவிகள் மாறினும் பயணியின் முன் நிற்கும் வினாக்கள் இரண்டே. பணத்தை வீணாக்காமல் மாற்றுவது எவ்வாறு? அதனை இழக்காமல் காப்பது எவ்வாறு? தில்லியிலிருந்து சிங்கப்பூருக்குச் செல்லும் ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவற்றை ஆராய்வோம்.

இரு விலைகள்

சிங்கப்பூரில் வழங்கும் நாணயம் சிங்கப்பூர் டாலர் ஆகும். நாணய மாற்று நிலையங்கள் அதற்கு இரு விலைகளைக் குறிக்கின்றன. ஒன்று, விற்கும் விலை. மற்றொன்று, வாங்கும் விலை. ஒரு டாலரை 66 ரூபாய்க்கு விற்று, 63 ரூபாய்க்கு வாங்குகிறார்கள் எனக் கொள்வோம். 500 டாலர் பெறுவதற்கு 33,000 ரூபாய் தேவை. பயணம் தடைப்பட்டு, அன்றே அவற்றைத் திருப்பிக் கொடுத்தால் 31,500 ரூபாயே கிடைக்கும். எப்பொருளும் வாங்காமலேயே 1,500 ரூபாய் கரைந்துவிடுகிறது.

‘கட்டணம் இல்லை’ என்னும் அறிவிப்பு உள்ள இடத்திலும் இவ்வேறுபாடு உண்டு. ஆகவே, கொடுக்கும் ரூபாய்க்கு எத்தனை டாலர் கைக்கு வரும் எனக் கேட்டு, இரண்டு மூன்று இடங்களை ஒப்பிட வேண்டும். விமான நிலையத்தில் அவசரமாக மாற்றுவது பொதுவாகச் செலவு மிக்கது. இந்திய ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்ற இடத்திலேயே மாற்றி, ரசீது பெறுவது முறையாகும். சிங்கப்பூரிலும் இத்தொழிலுக்கு உரிமம் தேவை. அங்குத் தமிழ் முஸ்லிம்கள் பல தலைமுறைகளாக நாணய மாற்றுத் தொழிலில் ஈடுபட்டு வருகின்றனர்.

அட்டையும் செலவும்

பெரும்பாலான நாடுகளுக்குச் செல்லும் இந்தியர், ஒரு பயணத்தில் 3,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரையே வெளிநாட்டு நோட்டுகளைக் கொண்டுசெல்லலாம். எஞ்சியதை அயல்நாணயப் பயண அட்டையில் ஏற்றிக்கொள்ளலாம். டாலரை ஏற்றும் நாளிலேயே அதன் விலை உறுதியாகிவிடுவதால், பின்னர் விலை உயர்ந்தாலும் கவலையில்லை. வழக்கமான கடன் அட்டைகள் பலவற்றில், அயல்நாட்டுச் செலவுக்கு 3.5 விழுக்காடு வரை கூடுதல் கட்டணம் உண்டு. அந்த விகிதத்தில் 10,000 ரூபாய்ப் பொருளுக்கு 350 ரூபாய் மிகையாகும்.

கடையில் அட்டையைக் கொடுக்கும்போது, ‘ரூபாயில் செலுத்துகிறீர்களா, டாலரில் செலுத்துகிறீர்களா?’ என்று கருவி கேட்பதுண்டு. ரூபாய் பழகிய நாணயம் என்பதால் மனம் அதனையே நாடும். ஆனால், ரூபாயைத் தேர்ந்தால் மாற்று விலையைக் கடையின் சேவை நிறுவனம் வகுக்கிறது. அது பெரும்பாலும் மிகுதியாகவே இருக்கும். எனவே, அந்நாட்டு நாணயத்தைத் தேர்வதே சிக்கனம். இந்தியாவில் வழங்கப்படும் அட்டைகள் தொடக்கத்தில் உள்நாட்டில் மட்டுமே செயற்படும். வெளிநாட்டுப் பயன்பாட்டிற்கான வசதியைப் புறப்படும் முன்னரே வங்கிச் செயலி வழியாகத் திறந்துகொள்ள வேண்டும்.

பிரித்து வைத்தல்

பணம் முழுவதையும் ஒரே பையில் வைப்பவர், அதனை இழந்தால் அனைத்தையும் இழக்கிறார். அயல்நாட்டில் அன்றைய உணவும் உறைவிடமும் அவருக்குக் கேள்விக்குறியாகும். எனவே, அன்றாடச் செலவுக்குரிய தொகை சட்டைப்பையிலும், எஞ்சியது வேறிடத்திலும் இருக்கட்டும். ஓர் அட்டை தந்தையிடமும் மற்றொன்று தாயிடமும் இருக்கட்டும். இரகசிய எண்ணை அட்டையின் மீது எழுதுதல் கூடாது. வங்கியின் தொலைபேசி எண்ணை ஒரு தாளில் குறித்துத் தனியே வைத்தல் நலம். கைப்பேசியும் தொலையக்கூடும் அல்லவா? அட்டை தொலைந்தால் முதலில் வங்கிக்குத் தெரிவித்து அதனை முடக்க வேண்டும். கடவுச்சீட்டும் தொலைந்தால், காவல் நிலையத்தில் முறையிட்டு இந்தியத் தூதரகத்தை நாட வேண்டும்.

திரும்பிய பின்

சில்லறை நாணயங்களை மாற்று நிலையங்கள் பொதுவாக ஏற்பதில்லை. ஆதலால், அவற்றை அங்கேயே செலவிட்டுவிடுதல் நன்று. தாயகம் திரும்பியவர் 2,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை அயல்நாட்டு நோட்டுகளை வைத்திருக்கலாம். அதற்கு மேற்பட்டதை 180 நாள்களுக்குள் வங்கியிடமோ உரிமம் பெற்ற மாற்று நிலையத்திடமோ ஒப்படைக்க வேண்டும். பழைய வணிகர் உண்டியலை எழுதும் முன் கணக்கிட்டது போலவே, இன்றைய பயணியும் புறப்படும் முன் கணக்கிட வேண்டும். ஒரு மாலைப்பொழுதில் குடும்பத்தினர் கூடி அமர்ந்து இடும் கணக்கு, அயல்நாட்டில் பல நாள் கவலையைத் தவிர்க்கும்.