நெல்லையில் ஒரு நாள்... அல்வா வாங்கும் முன்!

முதல் நாள் கல்யாணம் முடிந்துவிட்டது. ஊர் திரும்ப மறுநாள் இரவு ரயிலுக்குத்தான் டிக்கெட் கிடைத்திருக்கிறது. நடுவில் முழுசாக ஒரு நாள். திருநெல்வேலிக்கு வரும் வெளியூர்க்காரர்களில் பலர் அந்த நாளை லாட்ஜ் அறையில் டி.வி. பார்த்துக் கழித்துவிட்டு, சாயங்காலம் அல்வா பொட்டலத்தோடு ரயில் ஏறிவிடுகிறார்கள். கேட்டால், ‘நெல்லையைப் பார்த்தாச்சு’ என்பார்கள்.

அல்வா வாங்க வேண்டியதுதான். ஆனால், அதற்கு முன்பு பத்து மணி நேரம் இருக்கிறதே!

நெல்லை ஒரே ஊர் மாதிரித் தெரிந்தாலும், உள்ளூர்க்காரர்களுக்கு அது டவுன், ஜங்ஷன், பாளை என்று தனித்தனி. ஆட்டோக்காரரிடம் வெறுமனே ‘திருநெல்வேலி போகணும்’ என்றால், ‘எங்க, டவுனுக்கா, ஜங்ஷனுக்கா?’ என்று திருப்பிக் கேட்பார். டவுனும் ஜங்ஷனும் ஆற்றுக்கு இந்தப் பக்கம், பாளையங்கோட்டை அந்தப் பக்கம். நடுவில் ஓடுகிறது தாமிரபரணி. அந்த ஆற்றைப் பிடித்துக்கொண்டால் போதும், நாள் தானாக நகரும்.

விடிந்ததும் குறுக்குத்துறை

முதலில் போக வேண்டிய இடம் குறுக்குத்துறை முருகன் கோயில். கரையில் இல்லை, ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. மூலவர் பாறையில் செதுக்கப்பட்டவர் என்பதால் அவரை நகர்த்த முடியாது. வெள்ளம் வருகிறது என்று தெரிந்தால் உற்சவரையும் பூஜைப் பொருட்களையும் கரையிலுள்ள மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். மூலவர் மட்டும் தண்ணீருக்குள் இருப்பார். 2023 டிசம்பரில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களைப் புரட்டிப்போட்ட பெருவெள்ளத்திலும் இந்தக் கோயில் மூழ்கி எழுந்தது.

குளிக்க நினைப்பவர்கள், எங்கே ஆழம், எங்கே இழுப்பு என்று படித்துறையில் குளிப்பவர்களிடம் கேட்டுவிட்டு இறங்குவது நல்லது.

நெல்லுக்கு வேலியிட்டவர்

அங்கிருந்து டவுன். இறைவனுக்கு நைவேத்தியம் செய்யக் காயப்போட்ட நெல் மழையில் நனையாதபடி வேலியிட்டுக் காத்தவர் நெல்லையப்பர் என்பது தலபுராணம். ஊருக்குப் பெயர் வந்ததும் அப்படித்தான். சுவாமிக்கும் காந்திமதி அம்மனுக்கும் தனித்தனிக் கோயில்கள். இரண்டையும் இணைக்கும் சங்கிலி மண்டபம் 1647-ல் வடமலையப்ப பிள்ளையன் கட்டியது.

மணி மண்டபத்து இசைத்தூண்களைப் பார்க்காமல் யாரும் திரும்புவதில்லை. பெரிய தூணைச் சுற்றி, அதே கல்லில் செதுக்கிய சிறு தூண்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சுரம். சாவியாலும் நாணயத்தாலும் தட்டிப் பார்க்காமல் இருப்பதே அந்தச் சிற்பிகளுக்குச் செய்யும் மரியாதை. நடராஜரின் ஐந்து சபைகளில் ஒன்றான தாமிர சபையின் மரவேலைப்பாட்டுக்கும் நேரம் ஒதுக்க வேண்டும். மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் இதைக் காலையிலேயே முடிப்பது உத்தமம்.

ஒரு மனிதர் கட்டிய பாலம்

பாளைக்குப் போகும் வழியில் சுலோச்சன முதலியார் பாலம். ஒரு காலத்தில் இந்த ஆற்றைக் கடக்கப் படகுதான் கதி. பாலம் கட்டப் பணம் வேண்டும் என்ற பேச்சு வந்தபோது, கலெக்டர் அலுவலகத்தில் பணிபுரிந்த சுலோச்சன முதலியார் தன் சொந்தப் பணத்தைக் கொடுத்தார். அவர் மனைவி நகைகளைக் கழற்றிக் கொடுத்த கதையை ஊரில் இன்றும் சொல்வார்கள். 1843-ல் திறந்த பாலம், பிறகு அகலப்படுத்தப்பட்டு இன்றும் பஸ்களையும் லாரிகளையும் சுமக்கிறது. தினமும் கடக்கிறவர்களில் எத்தனை பேர் அந்தப் பெயரை நினைக்கிறார்களோ!

பாலம் தாண்டினால் பாளையங்கோட்டை. பள்ளிகளும் கல்லூரிகளுமாக நிறைந்திருப்பதால் ‘தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டு’ என்று பெயரெடுத்த ஊர். தஞ்சையிலிருந்து வந்த குளோரிந்தா என்ற பெண்மணி 1785-ல் எழுப்பிய தேவாலயம் இங்கே இருக்கிறது. மக்கள் வாயில் அது ‘பாப்பாத்தியம்மாள் கோயில்’.

மதியச் சாப்பாட்டுக்குச் சொதி கிடைத்தால் விடக்கூடாது. தேங்காய்ப்பாலில் பாசிப்பருப்பும் காய்கறிகளும் சேர்த்து வைக்கும் குழம்பு, தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. நெல்லையில் மறுவீட்டு விருந்து என்றாலே இதுதான். கல்யாணத்துக்கு வந்து ஒரு நாள் கூடுதலாகத் தங்கியவருக்கு அந்த அதிர்ஷ்டம் வீடு தேடியே வரலாம்.

மேற்கா, கிழக்கா?

மதியத்துக்கு மேல் ஒரு திசையைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். இரண்டையும் அடைக்க நினைத்தால் பஸ் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

மேற்கே அம்பாசமுத்திரம் சாலையில் பத்தமடை. கோரையை ஓடும் ஆற்று நீரில் ஊறவைத்து, காயவைத்து, மெல்லிய இழைகளாகக் கிழித்து, பருத்தி நூலைப் பாவாக ஓட்டி நெய்யும் பாய். புவிசார் குறியீடு பெற்றது. சன்னமான பட்டுப்பாயைத் துணி மாதிரி மடித்துவிடலாம். மணமக்கள் பெயரை நெய்து வாங்கிப்போகிறவர்களும் உண்டு. நெய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஒரு சன்னப் பாய்க்கு வாரக்கணக்கில் உழைப்பு. அதற்கேற்ற கூலி கிடைக்காததால் அடுத்த தலைமுறை தறிப் பக்கம் வருவது குறைந்துவிட்டது. வாங்குவதாக இருந்தால், பிளாஸ்டிக் பாயின் விலையோடு ஒப்பிட்டுப் பேரம் பேசாமல் வாங்கலாம்.

கிழக்கே திருச்செந்தூர் சாலையில், முதலில் கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயில். நாயக்கர் காலத்துச் சிற்பங்களில் நரம்புகூடப் புடைத்துத் தெரியும். அதே சாலையில் இன்னும் போனால் ஆதிச்சநல்லூர். 1876-ல் ஜெர்மனியிலிருந்து வந்த ஜாகோர் தோண்டி, கிடைத்ததை பெர்லினுக்கு எடுத்துப்போனார். பிறகு 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தார். இப்போது அகழாய்வுக் குழிகளின் மேலேயே கண்ணாடித் தளம் போட்டு, முதுமக்கள் தாழிகளை இருந்த இடத்திலேயே பார்க்கவைத்திருக்கிறது தொல்லியல் துறை. பக்கத்து சிவகளையில் தாழிக்குள் கிடைத்த நெல் 3,200 ஆண்டுகள் பழையது என்று 2021-ல் அறிவிக்கப்பட்டது. காலையில் கேட்ட நெல் வேலிக் கதை அப்போது வேறு மாதிரி ஒலிக்கும்.

கடைசியில் அல்வா

மாலையானால் டவுன் கீழ ரத வீதி. இருட்டுக்கடை சாயங்காலம்தான் திறக்கும். வரிசை அதற்கு முன்பே நின்றுவிடும். ரயில் நேரத்தைக் கணக்குப் பண்ணிக்கொண்டு நிற்க வேண்டும். சம்பா கோதுமையை ஊறவைத்து, அரைத்துப் பாலெடுத்து, சர்க்கரையும் நெய்யும் விட்டுக் கிண்டிய அல்வாவைச் சுடச்சுட ஒரு வாய் போட்டால், அதுவரை நின்ற கால்வலி தெரியாது.

‘எல்லாம் தாமிரபரணித் தண்ணி செய்யுற வேலை’ என்பார்கள் நெல்லைக்காரர்கள். அந்தத் தண்ணீர்தான் இன்று கவலையாக இருக்கிறது. பொதிகையில் பிறந்து, சுமார் 128 கிலோமீட்டர் ஓடி, தமிழ்நாட்டுக்குள்ளேயே கடலில் சேரும் ஆறு இது. வழியெல்லாம் கழிவுநீர் கலக்கிறது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகளே 2024-ல் நேரில் வந்து ஆற்றைப் பார்த்துவிட்டுப் போனார்கள். போதாததற்கு, பாபநாசத்தில் பரிகாரம் என்று சொல்லி உடுத்திய துணியை ஆற்றில் விடும் வழக்கம் வேறு. அப்படி விடுகிறவர்களில் வெளியூர்க்காரர்களும் ஏராளம். தன்னார்வலர்கள் ஆற்றில் இறங்கி அள்ள அள்ள, துணி வந்துகொண்டே இருக்கிறது.

ஒரு நாள் விருந்தாளியாக வருபவர் ஆற்றைச் சுத்தப்படுத்த முடியாதுதான். ஆனால் சோப்பு உறை, ஷாம்பு பாக்கெட், பழைய துணி எதையும் அதில் விடாமல் போக முடியும். நெல்லையிலிருந்து அல்வாவை எடுத்துப்போகிறவர் நெல்லைக்குத் திருப்பித் தரக்கூடியது அவ்வளவுதான். அதுவே பெரிது.