வைட்ஃபீல்டை நடந்து பாருங்கள்

பெங்களூரில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகளிடம் வைட்ஃபீல்ட் என்று சொல்லிப் பாருங்கள். ஐ.டி.பி.எல். டெக் பார்க், ஹோப் ஃபார்ம் சிக்னல், வெள்ளிக்கிழமை இரவு சேலத்துக்கும் மதுரைக்கும் கிளம்பும் ஆம்னி பஸ், இவைதான் அவர்கள் நினைவுக்கு வரும். அவர்களில் சிலர் இப்போது விடுமுறைக்கு ஜப்பான் போய் வருகிறார்கள். கியோட்டோவில் காலையிலிருந்து இருட்டும்வரை நடக்கிறார்கள். சன்னென்சாகா படிகளில் ஏறி, நான்சென்-ஜி கோயிலைப் பார்த்து, வாய்க்கால் ஓரமாகத் தத்துவஞானியின் பாதையில் நடந்து கின்ககு-ஜி போய்ச் சேர்கிறார்கள். பழைய ஊரை எப்படிப் பார்க்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த நடையைத் தாங்கள் குடியிருக்கும் ஊரிலும் ஒருமுறை நடக்க வேண்டும் என்பது என் ஆசை.

காடுகோடியிலிருந்து தொடங்கலாம். 2023 மார்ச்சில் திறந்த மெட்ரோவின் கடைசி நிலையத்துக்கு ‘வைட்ஃபீல்ட் (காடுகோடி)’ என்றுதான் பெயர். ரயில் நிலையமும் அங்கேயே. மெட்ரோவில் வருகிறவர்கள் காடுகோடி என்ற பெயரைப் பலகையில் படித்துவிட்டு வெளியே போய்விடுகிறார்கள். ஆனால் இந்தப் பகுதியில் மிகப் பழையது அந்த ஊர்தான். அங்கே காசி விஸ்வேஸ்வரர் கோயிலில் 1043-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தது. தமிழிலும் கிரந்தத்திலும் வெட்டியது. ராஜராஜ வேளான் என்ற தலைவன் பட்டந்தூரில் ஏரி வெட்டி, மதகு அமைத்து, தெய்வங்களைப் பிரதிஷ்டை செய்த செய்தியைச் சொல்கிறது. அந்தப் பட்டந்தூரின் பெயரும் இன்று ‘பட்டந்தூர் அக்ரஹாரா’ என்று மெட்ரோ பலகையில் நிற்கிறது. சோழர் காலத்து ஊர்ப்பெயரை அறிவிப்பில் கேட்டபடியே தினமும் ஆயிரக்கணக்கானோர் இறங்கி வேலைக்குப் போகிறார்கள். தஞ்சாவூரில் மட்டும்தான் ராஜேந்திரனைத் தேட வேண்டும் என்றில்லை.

ரயில் பாதை 1864-ல் வந்தது. ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கண்டோன்மென்ட்டுக்குப் போட்ட தடம் அது. இன்றும் சென்னை ரயில்கள் அதே வழியில்தான் வருகின்றன. வைட்ஃபீல்ட் என்ற ஊர் பிறந்தது அதற்குப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து.

டேவிட் இம்மானுவேல் ஸ்டார்க்கன்பர்க் வைட் சென்னையில் ஆங்கிலோ இந்தியர்களுக்காகச் சங்கம் நடத்தியவர். தன் சமூகம் அரசாங்க உத்தியோகத்தை மட்டும் நம்பிக்கொண்டிருந்தால் ஒருநாள் கைவிடப்படும் என்று அவர் உறுதியாக நினைத்தார். சொந்த நிலம் வேண்டும், அதில் உழுது பிழைக்க வேண்டும் என்றார். 1882-ல் மைசூர் மகாராஜா பத்தாம் சாமராஜ உடையார் 3,900 ஏக்கர் நிலம் கொடுத்தார். குடியேற்றத்துக்கு வைட்டின் பெயரே நிலைத்தது.

அந்தக் குடியேற்றத்தின் நடு ஊர்தான் இன்னர் சர்க்கிள். ஹோப் ஃபார்ம் சந்திப்பிலிருந்து வைட்ஃபீல்ட் மெயின் ரோட்டில் தெற்கே வந்தால், லாரிகளும் பஸ்களும் போகும் சாலையை விட்டு ஒரு திருப்பம். உள்ளே வட்டமாக ஒரு மைதானம், அதைச் சுற்றி ஒரு சாலை, சாலையைப் பார்த்தபடி வீடுகள். காரில் போனால் அது வெறும் வளைவு. நடந்தால்தான் வட்டம் முழுசாகப் பிடிபடும். எந்த வீட்டு வாசலில் நின்றாலும் நடுத்திடல் கண்ணில் படுகிறது. எல்லாரும் எல்லாரையும் பார்த்து வாழ வேண்டும் என்று திட்டமிட்டிருக்கிறார்கள். சாய்ந்த ஓட்டுக் கூரை, ஆழமான வராண்டா, ஜன்னலுக்கு மேல் மரச்சட்டங்கள் வைத்த ‘மங்கி டாப்’, முன்னால் தோட்டம் என்று பழைய பங்களா ஒன்றைப் பார்க்கிறோம். அடுத்த மனையிலேயே அபார்ட்மென்ட் எழும்பியிருக்கிறது. இன்னொரு பங்களாவில் காபிக் கடை. கடையானாலும் கூரை தப்பியதே என்று நான் சந்தோஷப்படுகிறேன். பக்கத்தில் 1886-ல் கட்டிய மெமோரியல் சர்ச். ஞாயிறு காலை போனால் ஆராதனை நடக்கும், கதவு திறந்திருக்கும்.

வேவர்லி இன் என்ற பழைய விடுதியில் இளம் வின்ஸ்டன் சர்ச்சில் விடுதிக்காரர் மகளைப் பார்க்க வந்து போனார் என்று இங்கே எல்லாரும் சொல்வார்கள். 1896-லிருந்து அவர் பெங்களூர்ப் படையில் இருந்தது உண்மை. காதல் கதை செவிவழி வந்தது. அதைவிட எனக்கு வைட்டின் கனவுதான் பெரிது. அந்தக் கனவு முழுதாகப் பலிக்கவில்லை. அடுத்த தலைமுறை ரயில்வேக்கும் தந்தி ஆபீசுக்கும் போனது, 1947-க்குப் பிறகு பலர் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறினார்கள். 1933-ல் இதே எண்ணத்தோடு இன்றைய ஜார்க்கண்டில் தொடங்கிய மெக்லஸ்கிகஞ்சின் கதையும் ஏறக்குறைய இதுதான். இருந்தும், ஒரு சிறுபான்மைச் சமூகம் தனக்கென்று ஓர் ஊரை வரைந்து, அதில் குடியிருந்தும் பார்த்த இடம் இந்தியாவில் வேறு எத்தனை இருக்கிறது?

1990-களின் கடைசி வரை வைட்ஃபீல்ட் சின்ன ஊர்தான். பிறகு சிங்கப்பூர் ஒத்துழைப்போடு டெக் பார்க் வந்தது, நிலத்தின் விலை ஏறியது. வைட் காலத்து ஒரு மனையில் இன்று பல மாடிகள் கட்டலாம். அப்படியிருக்க, தாத்தா வீட்டை இடிக்காமல் வைத்திருப்பவர் தன் கைக்காசை இழந்துதான் வைத்திருக்கிறார்.

இந்த இடத்தில்தான் கியோட்டோவிடம் கற்றுக்கொள்ள விஷயம் இருக்கிறது. 1868-க்குப் பிறகு தலைநகர் டோக்கியோவுக்குப் போனதும் அந்த ஊர் வாடிப்போனது. அதை மீட்க பிவா ஏரியிலிருந்து கால்வாய் வெட்டி 1890-ல் தண்ணீர் கொண்டுவந்தார்கள். நம்மவர்கள் நடக்கும் தத்துவஞானியின் பாதை அந்தக் கால்வாயின் கிளை ஓரத்தில்தான் போகிறது. அதாவது அதுவும் வைட்ஃபீல்டும் ஏறத்தாழ ஒரே வயது. தொன்மை மட்டும் அந்த ஊரைக் காப்பாற்றவில்லை. 1975-ல் ஜப்பான் தன் பண்பாட்டுச் சொத்துச் சட்டத்தைத் திருத்தியது. அதுவரை தனித்தனிக் கட்டடத்துக்கு இருந்த பாதுகாப்பைத் தெரு முழுவதற்கும் விரித்தது. மறு ஆண்டே சன்னென்சாகா அதன் கீழ் வந்தது. அங்கே வீட்டின் முகப்பை மாற்ற அனுமதி வேண்டும். பழுது பார்க்க அரசு பணமும் கொடுக்கும். 2007-ல் நகர மையத்தின் உயர வரம்பை 45 மீட்டரிலிருந்து 31 மீட்டராகக் குறைத்து, மொட்டைமாடி விளம்பரப் பலகைகளுக்கும் தடை போட்டார்கள். இத்தனைக்குப் பிறகும் அங்கே பழைய மரவீடுகள் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் இடிபடுகின்றன. சட்டம் இல்லாத இடத்தில் என்ன மிஞ்சும்?

இன்னர் சர்க்கிளுக்குத் தேவையும் அப்படியொரு சட்டம்தான். ஒரு பங்களா, ஒரு சர்ச் என்று பட்டியல் போட்டால் போதாது. மைதானம், வட்டச் சாலை, அதைச் சுற்றிய கட்டடங்களின் உயரம் மூன்றையும் சேர்த்து ஒரே வட்டாரமாக அறிவிக்க வேண்டும். வீட்டைக் காப்பாற்றுகிறவருக்கு வரிச் சலுகையும் ஓடு மாற்றப் பணமும் தர வேண்டும். பெங்களூர் நகர நிர்வாகத்துக்கு இது பெரிய செலவில்லை. சில நூறு மீட்டருக்குள் முடிகிற வட்டாரம் இது. காடுகோடிக் கல்வெட்டுக்குப் பக்கத்தில் கன்னடத்திலும் தமிழிலும் ஒரு விளக்கப் பலகை வைத்தால் இன்னும் நல்லது.

போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு முன்னால் காடுகோடியில் இறங்கிவிடுங்கள். எட்டரைக்கு மேல் மெயின் ரோட்டைக் கடப்பது சிரமம். நடைபாதை பல இடங்களில் உடைந்து கிடக்கிறது, அதனால் ஷூ போட்டுக்கொள்ளுங்கள். வீடுகள் தனியார் வீடுகள், கேட்டுக்கு வெளியே நின்று பாருங்கள். வராண்டாவில் வயதானவர் யாராவது உட்கார்ந்திருந்தால் வணக்கம் சொல்லிப் பேச்சுக் கொடுங்கள்.