ரயிலைக் கைவிட்ட ரயில்வே ஆணையம்

1890-களில் டெக்சாஸ் பருத்தி விவசாயிக்கு ரயில்தான் எல்லாம். விளைச்சலைத் துறைமுகத்துக்கு அனுப்ப வேறு வழி கிடையாது. கம்பெனி கேட்டதுதான் கட்டணம். இந்த அநியாயத்தைத் தட்டிக்கேட்பேன் என்று சொல்லியே ஜேம்ஸ் ஹாக் கவர்னர் தேர்தலில் ஜெயித்தார். 1891-இல் டெக்சாஸ் ரயில்வே ஆணையம் பிறந்தது. அதன் முதல் தலைவராக இருப்பதற்காக ஜான் ரீகன் அமெரிக்க செனட் பதவியையே உதறிவிட்டு வந்தார். ஆணையத்துக்கு அன்று அவ்வளவு மதிப்பு. பெயரைச் சொன்னாலே வேலை என்னவென்று விவசாயிக்கு விளங்கியது.

பிறகு வேலை மாறத் தொடங்கியது. எண்ணெய்க் குழாய்கள் 1917-இல் வந்து சேர்ந்தன. அடுத்து எண்ணெய்க் கிணறுகள், எரிவாயு விநியோகம், பேருந்து, லாரி என்று ஒவ்வொன்றாக இதன் தலையில் ஏறின. 1930 அக்டோபரில் கிழக்கு டெக்சாஸில் பிரமாண்டமான எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டதும் நிலைமை தலைகீழானது. ஆளாளுக்குக் கிணறு தோண்டி இறைத்ததில், மறு ஆண்டே ஒரு பீப்பாய் எண்ணெயின் விலை 10 சென்ட் அளவுக்குச் சரிந்தது. 1931 ஆகஸ்டில் கவர்னர் ராஸ் ஸ்டெர்லிங் ராணுவச் சட்டம் பிறப்பித்து, வயல்களுக்குத் தேசியக் காவல் படையை அனுப்பினார். எந்தக் கிணறு எவ்வளவு இறைக்கலாம் என்று ஆணையம் விதித்த அளவு, நீண்ட இழுபறிக்குப் பின்னரே நிலைபெற்றது. 1972 வரை உலக எண்ணெய் விலையே இந்த அலுவலகத்தின் உத்தரவுக்குக் கட்டுப்பட்டதுபோல் நகர்ந்தது. ஒபெக் அமைப்பை உருவாக்கியவர்களுக்கு முன்மாதிரியும் இதுதான். ‘ரயில்வே’ என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டே வந்தது.

கலிபோர்னியாவிலும் இப்படி ஒரு ரயில்வே ஆணையம் இருந்தது. மின்சாரம், எரிவாயு, தொலைபேசி, குடிநீர் என்று பொறுப்புகள் கூடிய பிறகு, 1946-இல் அதைப் ‘பொதுப் பயன்பாட்டுச் சேவைகள் ஆணையம்’ என்று மாற்றிவிட்டார்கள். டெக்சாஸில் மிச்சம்மீதி ரயில் வேலைகளும் 2005-இல் போக்குவரத்துத் துறைக்குப் போய்விட்டன. பெயர் போகவில்லை.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். 2018 பிப்ரவரியில் டல்லாஸில் ஒரே பகுதியில் அடுத்தடுத்த நாட்களில் இரண்டு வீடுகளில் தீ. மூன்றாம் நாள் அருகிலிருந்த வீடு எரிவாயுக் கசிவால் வெடித்து 12 வயதுச் சிறுமி இறந்தாள். எரிவாயுக் கம்பெனிகள் குழாய்களை ஒழுங்காகப் பராமரிக்கின்றனவா என்று கண்காணிக்கும் மாநில அமைப்பு எது தெரியுமா? ரயில்வே ஆணையம். வீட்டில் எரிவாயு வாடை வருகிறது, கம்பெனி கண்டுகொள்ளவில்லை என்று முறையிட நினைக்கும் ஒரு தாய்க்கு இந்தப் பெயர் எப்படித் தோன்றும்?

ஆணையத்தின் மூன்று உறுப்பினர்களையும் மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். பதவிக்காலம் ஆறு ஆண்டு. வாக்குச்சீட்டில் ‘ரயில்வே ஆணையர்’ என்றுதான் அச்சாகிறது. ஆனால் தேர்தல் நன்கொடை வந்து குவிவது எண்ணெய், எரிவாயுத் துறையிலிருந்து. அவர்களுக்கு இது யாருடைய அலுவலகம் என்பதில் குழப்பமே இல்லை. குழப்பம் வாக்காளருக்கு மட்டும்தான்.

2021 பிப்ரவரிப் பனிப்புயலில் இது கண்கூடாகத் தெரிந்தது. எரிவாயுக் கிணறுகள் உறைந்தன. எரிவாயு நிலையங்களுக்கே மின்சாரம் துண்டிக்கப்பட்டது. எரிவாயு கிடைக்காமல் மின் நிலையங்கள் படுத்தன. அரசுக் கணக்குப்படியே 246 பேர் இறந்தார்கள். மின்சாரத்தை ஒழுங்குபடுத்தும் தனி ஆணையத்தின் மூன்று உறுப்பினர்களும் சில வாரங்களில் பதவி விலகினார்கள். எரிவாயுவைக் கவனிக்க வேண்டிய ரயில்வே ஆணையத்தில் ஒருவரும் விலகவில்லை. மக்களின் கோபம் முழுக்க மின்சாரத்தின் பக்கமே போனதற்கு இந்தப் பெயரும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

மாற்றச் சொல்லி யாரும் கேட்காமல் இல்லை. அரசு அமைப்புகளை அவ்வப்போது பரிசீலிக்கும் மாநில சன்செட் ஆணையமே 2010-க்குப் பிறகு திரும்பத் திரும்பப் பரிந்துரைத்தது. ‘டெக்சாஸ் எரிசக்தி வள ஆணையம்’ என்று பெயரும் எடுத்துக்கொடுத்தது. அரசியல் சட்டத்தில் பழைய பெயர் இருக்கிறது, மாற்றினால் வழக்கு வரும், செலவாகும் என்றார்கள் எதிர்த்தவர்கள். கலிபோர்னியா இதையெல்லாம் கடந்துதான் வந்தது. 2017-இல் டெக்சாஸ் சட்டமன்றம் ஆணையத்தின் ஆயுளை நீட்டித்தது, பெயரைத் தொடவில்லை. அடுத்த பரிசீலனை 2029-இல். அப்போதாவது அந்த வீட்டுத் தாய்க்குப் புரிகிற பெயரைச் சட்டமன்றம் வைக்க வேண்டும்.