ஒரு கால் மட்டும் வீங்கினால்

கர்ப்பப்பையில் கட்டி என்று ஸ்கேன் சொன்னதும் பெண்கள் பயப்படுவது புற்றுநோய்க்குத்தான். ஃபைப்ராய்டு எனும் நார்க்கட்டி புற்றுநோயாக இருப்பது மிக அரிது. அதிகம் பேசப்படாத வேறோர் ஆபத்து உண்டு: கால் ரத்தநாளத்தில் ரத்தம் உறைவது. எல்லோருக்கும் வருவதில்லை, வந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

மாதவிலக்கில் கட்டி கட்டியாகப் போகிறதே, அது வேறு. இது காலின் ஆழத்தில் உள்ள சிரைக்குள் உறைவது. நார்க்கட்டி பெரிதாகி இடுப்புக்குள் இருக்கும் சிரைகளை அழுத்தினால், காலிலிருந்து இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் தேங்குகிறது. தேங்கிய ரத்தம் உறையும். அந்த உறைவு கழன்று நுரையீரலை அடைத்துவிட்டால் நிமிடங்களில்கூட உயிர் போகலாம்.

மாத்திரைகளையும் கவனிக்க வேண்டும். உதிரப்போக்கை நிறுத்தத் தரும் டிரானெக்சாமிக் அமிலம், ஈஸ்ட்ரோஜன் கலந்த ஹார்மோன் மாத்திரை இரண்டும் நல்ல மருந்துகள்தான். ஆனால் முன்பு ரத்த உறைவு வந்தவர்களுக்கு இவை பொதுவாக ஆகாது. பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வாங்கி விழுங்குவது, விசேஷத்துக்காக மாதவிலக்கைத் தள்ளிப்போடப் பக்கத்து வீட்டுக்காரரிடம் மாத்திரை கேட்பது, இரண்டையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். வீட்டில் யாருக்காவது ரத்த உறைவு வந்திருந்தால் மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

ஒரு கால் மட்டும் வீங்குகிறது, கெண்டைச்சதை வலிக்கிறது, தொட்டால் சூடாக இருக்கிறது என்றால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். "நின்னு வேலை பார்த்ததுல வந்த வீக்கம்" என்று தைலம் தேய்த்து நீவிவிடாதீர்கள்; நீவினால் உறைவு கழன்றுவிடலாம். திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுத்தால் நெஞ்சுவலி, மயக்கம், இருமலில் ரத்தம் என்றால் 108-ஐ அழையுங்கள். டாப்ளர் ஸ்கேனில் கால் உறைவு தெரிந்துவிடும். உறைவைத் தடுக்கும் மருந்து உதிரப்போக்கை அதிகமாக்கலாம் என்பதால் மகப்பேறு மருத்துவரும் பொது மருத்துவரும் கலந்து முடிவெடுக்க வேண்டும். நீங்களாக மருந்தை நிறுத்தாதீர்கள்.

கர்ப்பப்பையை எடுத்தால்தான் தீரும் என்று யாராவது அவசரப்படுத்தினால் நிதானியுங்கள். கட்டியை மட்டும் அகற்றலாம். கட்டிக்குப் போகும் ரத்தநாளத்தை அடைக்கும் சிகிச்சையும் உண்டு. உங்கள் சம்மதமின்றி உறுப்பை எடுக்கக் கூடாது. பரிசோதனைக்கு மட்டும் சம்மதித்த பெண்ணின் கர்ப்பப்பையை அகற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-இல் இதைத் தெளிவாகச் சொன்னது. அறுவைக்கு முன், "எனக்கு ரத்த உறைவு வரும் ஆபத்து எவ்வளவு, தடுக்க என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பதும் உங்கள் உரிமை. சிகிச்சைப் பதிவேடு கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும்.

கவனக்குறைவால் பாதிக்கப்பட்டால், 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகுங்கள். வழக்குக்குப் பணமில்லையே என்று ஒதுங்க வேண்டாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. அழைக்க வேண்டிய எண் 15100.